தறி யாருடையது, நூல் யாருடையது?

கேள்வி: சொந்த ஊர் குமாரபாளையம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து சொந்தமாக ஒரு சிறிய நிரல்மொழி எழுதியிருக்கிறேன். கம்பைலரும் (எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றுவது) அதோடு வரும் அடிப்படை லைப்ரரியும் (நிரல்களுக்கு வேண்டிய ஆயத்த ஃபங்ஷன்கள்) கிட்ஹப்பில் ஜிபிஎல் 3 லைசென்ஸில் இருக்கின்றன. எடுத்து மாற்றிக் கொடுப்பவரும் சோர்ஸை, அதாவது எழுதிய மூல நிரலை, திறந்தே கொடுக்க வேண்டும் என்கிற லைசென்ஸ் அது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒருவர் என் மொழியைப் பயன்படுத்த ஆசைப்படுகிறார். ஆனால், “உங்க மொழியில எழுதினா என் சோர்ஸ் கோடையும் ஊருக்கே கொடுத்துடணும்னு எங்க ஆடிட்டர் சொல்றாரே, நிஜமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாவற்றையும் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி லைசென்ஸுக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீருமா? நான்கு பேர் பேட்ச் (நிரலில் திருத்தங்கள்) அனுப்பியிருக்கிறார்கள். பெரிய எண்களுக்கு ஜிஎம்பி லைப்ரரியைச் சேர்த்திருக்கிறேன். வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் ஒன்றை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்திலிருந்து எடுத்துப் போட்டேன். இன்னொன்று: ஆன்லைன் ரம்மி மாதிரியான சூதாட்ட ஆப்களுக்கு என் மொழியைப் பயன்படுத்தக் கூடாது என்று லைசென்ஸில் ஒரு வரி சேர்க்கலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஆடிட்டருக்கு ஒரு வணக்கம். மென்பொருளை விற்ற பிறகு லைசென்ஸைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எழுதத் தொடங்கும் முன்பே கேட்கிறவர் அபூர்வம். அவர் சொன்னது பாதி சரி. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் கேள்விகளில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

உங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தாலே விஷயம் புரிந்திருக்கும். தறி செய்து விற்ற கம்பெனி, அந்தத் தறியில் நெய்த துண்டில் பங்கு கேட்டு வருவதில்லை. ஆனால் பாவும் ஊடையும் கொடுத்து நெய்யச் சொன்னவர் வருவார். துணியில் ஓடுவது அவருடைய நூல். உங்கள் கம்பைலர் தறி. அது ஜிபிஎல்லில் இருப்பதால் அதில் கம்பைல் ஆகும் நிரல் ஜிபிஎல் ஆகிவிடாது. ஜிசிசி என்ற பிரபல கம்பைலர் பல பத்தாண்டுகளாக ஜிபிஎல்லில்தான் இருக்கிறது. அதில் கம்பைல் ஆகி விற்கப்பட்ட மூடிய மென்பொருளுக்குக் கணக்கே இல்லை. உங்கள் லைப்ரரி அப்படியல்ல. நினைவகத்தைக் கவனிப்பதும் சரங்களை ஒட்டுவதும் பட்டியலை நீட்டுவதும் அதன் வேலை என்பதால், திருப்பூர்க்காரர் விற்கும் ஒவ்வொரு பைனரிக்குள்ளும் (கம்பைல் ஆகி வந்த, ஓடும் கோப்பு) அதன் பிரதி உட்கார்ந்திருக்கும். அதுதான் நூல். அது வெறும் ஜிபிஎல்லில் இருக்கும்வரை ஆடிட்டர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் “ஊருக்கே” என்பது மிகை. தன் அலுவலகத்துக்குள்ளேயே ஓட்டிக்கொள்கிற மென்பொருளுக்கு ஜிபிஎல் எந்தக் கடமையும் வைப்பதில்லை. பிரதியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் கடமை பிறக்கிறது. அப்போதும் சோர்ஸ் பெறும் உரிமை அந்தப் பிரதியை வாங்கிய பனியன் கம்பெனிக்குத்தான். பனியன் கம்பெனிக்காரர் அதை நாளைக்கே நெட்டில் போடலாம், அதைத் தடுக்க முடியாது என்பதால் விற்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிய ஆறுதலாக இருக்காது.

இந்தக் குழியில் முதலில் விழுந்தவர் நீங்கள் இல்லை. ஜிபிஎல்லை எழுதியவர்களே விழுந்திருக்கிறார்கள். பைசன் என்ற, பார்சர் (நிரலை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் பகுதி) தயாரிக்கும் கருவியை நீங்களும் பயன்படுத்தியிருப்பீர்கள். அது உங்கள் இலக்கண விதிகளைப் படித்து ஒரு சி கோப்பை எழுதித் தரும். அந்தக் கோப்பில் உங்கள் விதிகளோடு பைசனின் சொந்த கோடும் பெரிய துண்டாக அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். அதனால் ஆரம்பத்தில் பைசன் தந்த பார்சரை ஜிபிஎல் மென்பொருளில் மட்டுமே சேர்க்க முடிந்தது. பிறகு அந்த ஒட்டுத் துண்டுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதினார்கள். ஜிசிசியிலும் இதே கதைதான். கம்பைலருக்கு ஜிபிஎல், பைனரிக்குள் போகிற அதன் லைப்ரரிகளுக்கு ஜிபிஎல்லோடு ஒரு தனி விதிவிலக்கு. இப்போது நடைமுறையில் இருக்கும் வடிவம் 2009 மார்ச்சில் வந்தது. ஜாவாவை சன் நிறுவனம் ஜிபிஎல்லில் திறந்துவிட்டபோதும் கிளாஸ்பாத் விதிவிலக்கு என்று ஒன்றைச் சேர்த்தே கொடுத்தது. அது இல்லாமலிருந்தால் இன்று வங்கிக்கும் ரயில்வேக்கும் ஜாவாவில் எழுதுகிற பாதிப் பேர் வேறு மொழியில் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையில் போன கதையும் ஒன்று உண்டு. சிலிஸ்ப் என்று ஒரு லிஸ்ப் மொழிச் செயலாக்கி. கட்டளை வரியில் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளை வரவேண்டும் என்பதற்காக அதன் ஆசிரியர் புரூனோ ஹைபிள் ரீட்லைன் லைப்ரரியை இணைத்தார். ரீட்லைன் ஜிபிஎல். அதை இணைத்தால் சிலிஸ்ப்பும் ஜிபிஎல் ஆக வேண்டும் என்று ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அவருக்கு எழுதினார். இருவருக்கும் நீண்ட வாக்குவாதம். கடைசியில் 1992இல் சிலிஸ்ப் முழுவதுமே ஜிபிஎல் ஆனது. ஒரு அம்புக்குறிக்காக ஒரு மொழியே லைசென்ஸ் மாறியது. ஆனால் ஹைபிள் கெட்டிக்காரர். பொதுவான லிஸ்ப் வசதிகளை மட்டும் பயன்படுத்தி சிலிஸ்ப்பில் ஓடுகிற பயனர் நிரல்களை இந்த லைசென்ஸ் கட்டுப்படுத்தாது என்று தன் உரிமக் கோப்பில் தெளிவாக எழுதி வைத்தார். இன்று உங்கள் லைசென்ஸ் கோப்பில் இல்லாதது அந்த மாதிரி ஒரு பத்திதான்.

இந்த ரீட்லைனோடு எனக்கும் பழைய பகை இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் கருவியை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டது. உள்ளே பார்த்தால் யாரோ சோதனைக்காக எழுதிய ஒரு சின்ன கமாண்டு கன்சோல், அதில் ரீட்லைன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிஎஸ்டி லைசென்ஸில் இருக்கும் லிப்எடிட்டுக்கு மாற்றினோம். அந்தக் கன்சோலை வாடிக்கையாளர் ஒரு நாளும் திறந்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் லைப்ரரிகளுக்காகவே செய்தது, அதற்கு மாறிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். 1991இல் வந்தபோது அதன் பெயரிலேயே லைப்ரரி என்ற சொல் இருந்தது உண்மை. 1999இல்தான் பெயரை மாற்றினார்கள். ஆனால் புது மொழிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. லைப்ரரி தனிக் கோப்பாக இருக்கும், நிரல் ஓடும்போது அதை எடுத்துக்கொள்ளும், பயனர் நினைத்தால் அதைத் திருத்தித் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம் என்ற சித்திரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. நிலையாக இணைத்து ஒரே பைனரியாகக் கொடுத்தால், பயனர் திரும்ப இணைத்துக்கொள்ள வசதியாக விற்கிறவர் தன் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (கம்பைல் ஆகி, இன்னும் இணைக்கப்படாத துண்டுகள்) கூடவே கொடுக்க வேண்டும். பனியன் கணக்கு விற்கிறவரிடம் போய் இதை விளக்கிப் பாருங்கள்! போதாததற்கு உங்கள் கம்பைலர் சின்ன ஃபங்ஷன்களை அழைத்த இடத்திலேயே விரித்து எழுதிவிடும் என்று கிட்ஹப்பில் உங்கள் குறிப்பில் பார்த்தேன். அப்படி விரிவதில் பத்து வரிக்கு உட்பட்ட சின்னவற்றுக்கு எல்ஜிபிஎல் சலுகை தருகிறது. பத்து வரி என்று நிஜமாகவே உள்ளே எண்ணி எழுதியிருக்கிறது. பதினோராவது வரியைப் பற்றி வக்கீலிடம் வாதாடுகிற நிலைக்கு உங்கள் பயனர்களைக் கொண்டுபோகாதீர்கள். ஓகாமல் மொழி தன் லைப்ரரிக்கு எல்ஜிபிஎல்லோடு நிலை இணைப்புக்கு ஒரு விதிவிலக்கையும் சேர்த்துத்தான் சமாளித்துவருகிறது.

அப்படியானால் எம்ஐடி? தொல்லை பெரும்பாலும் தீரும். முழுவதும் தீராது. எம்ஐடி மிகச் சின்ன லைசென்ஸ், ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: எல்லாப் பிரதிகளிலும், கணிசமான பகுதிகளிலும் உங்கள் காப்புரிமை அறிவிப்பு இருக்க வேண்டும். உங்கள் லைப்ரரியோ ஒவ்வொருவரின் பைனரியிலும் இருக்கிறது. கண்டிப்பாகப் படித்தால், உங்கள் மொழியில் இரண்டு வரி எழுதி நண்பருக்கு அனுப்புகிற மாணவன்கூட உங்கள் பெயர் போட்ட கோப்பைச் சேர்த்து அனுப்ப வேண்டும். யாரும் அனுப்ப மாட்டார்கள். யாரும் கடைப்பிடிக்காத நிபந்தனையைப் போட்டுவைப்பது, பெரிய நிறுவனத்தின் சட்டப் பிரிவு வந்து பார்க்கும்போது மட்டும் முள்ளாகக் குத்தும்.

இதைக் கவனித்தவர்கள் இருக்கிறார்கள். சி++ லைப்ரரித் தொகுப்பான பூஸ்ட்டின் 2003 லைசென்ஸ், கம்பைலர் உருவாக்கிய பைனரியாக மட்டும் கொடுத்தால் அறிவிப்பு வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. ஆப்பிள் 2015 டிசம்பரில் தன் ஸ்விஃப்ட் மொழியைத் திறந்தபோது அப்பாச்சி 2.0 என்ற தாராளமான லைசென்ஸை எடுத்து, அதற்கு மேல் ரன்டைம் விதிவிலக்கு ஒன்றை வைத்தது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் 2019இல் இதே பாதைக்கு வந்தது. கம்பைல் செய்ததால் பைனரிக்குள் போய்ச் சேர்ந்த பகுதிக்கு அப்பாச்சியின் அறிவிப்புக் கடமைகள் கிடையாது என்கிறது அந்த விதிவிலக்கு.

என் யோசனை இதுதான். கம்பைலரை ஜிபிஎல் 3லேயே விட்டுவிடுங்கள். உங்கள் உழைப்பை எடுத்து மூடிவைத்து விற்கக் கூடாது என்ற உங்கள் எண்ணத்துக்கு அது காவல். லைப்ரரியை மட்டும் அப்பாச்சி 2.0 லைசென்ஸுக்கு, எல்எல்விஎம் விதிவிலக்கோடு மாற்றுங்கள். அப்பாச்சியில் பேட்டன்ட் உரிமமும் தெளிவாக எழுதியிருப்பது எம்ஐடியில் கிடைக்காத லாபம். ஜிபிஎல் 3உம் அப்பாச்சி 2.0உம் ஒத்துப்போகும், சண்டை வராது. லைப்ரரியிலும் ஜிபிஎல்லை விட மனமில்லை என்றால் ஜிசிசி போல ஜிபிஎல் 3 கூட்டல் விதிவிலக்கு. அப்படிச் சலுகை சேர்த்துக் கொடுக்க ஜிபிஎல் 3இன் ஏழாம் பிரிவே இடம் தருகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் விதிவிலக்கின் வாசகத்தை நீங்களே எழுத உட்காராதீர்கள். எஸ்பிடிஎக்ஸ் என்ற லைசென்ஸ் அடையாளப் பட்டியலில் பெயரும் அடையாளமும் உள்ள ஒன்றை எடுத்து அப்படியே ஒட்டுங்கள். லைசென்ஸ் சோதிக்கும் மென்பொருள்கள் அந்த அடையாளத்தைத்தான் தேடும். நீங்கள் அழகான தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் ‘இனம் தெரியாதது’ என்று சிவப்பு விளக்கு எரியும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அந்த ஒரு வரி அடையாளம் இருக்கட்டும்; கம்பைலர் ஃபோல்டரும் லைப்ரரி ஃபோல்டரும் தனித்தனி லைசென்ஸ் கோப்போடு இருக்கட்டும்.

ஆனால் மாற்றுவதற்கு உங்களுக்கு மட்டும் உரிமை இருக்கிறதா? பேட்ச் அனுப்பிய நான்கு பேரும் அவரவர் எழுதியதற்கு அவரவரே உரிமையாளர்கள். ஜிபிஎல்லின் கீழ் கொடுத்தார்கள், நீங்கள் சேர்த்தீர்கள். வேறு லைசென்ஸுக்குப் போக அவர்களின் சம்மதம் வேண்டும். விஎல்சி பிளேயரின் உள் எஞ்சினை மற்றவர்கள் லைப்ரரியாகப் பயன்படுத்த வசதியாக 2011-12இல் ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். பல வருடங்களில் பங்களித்துவிட்டுப் போனவர்களைத் தேடித் தேடிக் கேட்க வேண்டியிருந்தது. எல்எல்விஎம் இந்தப் பேச்சை எடுத்தது 2015இல். புது லைசென்ஸ் நடைமுறைக்கு வர 2019 ஆனது. உங்களுக்கு நான்கு மின்னஞ்சல். நாற்பது ஆகும் முன்பு, இந்த வாரமே அனுப்புங்கள். எந்த பேட்ச், எந்தப் பழைய லைசென்ஸ், எந்தப் புது லைசென்ஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘சரி’ என்ற பதிலை எழுத்தில் வாங்கி ரெபாசிட்டரியிலேயே ஒரு கோப்பாகப் போட்டுவையுங்கள். வாட்ஸ்அப் தம்ஸ்-அப் போதாது. யாராவது பதில் சொல்லாவிட்டால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் அவர் எழுதிய பகுதியை நீக்கிவிட்டு நீங்களே புதிதாக எழுதுங்கள். பழைய வெளியீடுகள் ஜிபிஎல்லில் கொடுத்தது கொடுத்ததுதான், அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் நஷ்டமும் இல்லை. இனி வருகிற பேட்ச்களுக்கு லினக்ஸ் கர்னல் 2004 முதல் செய்வதுபோல, ‘இது என்னுடையது, இந்த லைசென்ஸில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்று ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும்) ஒப்பமிடும் வரியைக் கேட்டால் போதும்.

ஜிஎம்பி. நீங்கள் சாதாரணமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான், நான் நிமிர்ந்து உட்கார்ந்ததும் இங்கேதான். உங்கள் லைப்ரரியை எவ்வளவு தாராளமாக்கினாலும், அதற்குள் ஜிஎம்பி நிலையாக இணைந்திருந்தால் பைனரிக்குள் போவது அவர்களுடைய நூலும்தான். அது எல்ஜிபிஎல் 3 அல்லது ஜிபிஎல் 2. எல்ஜிபிஎல்லை எடுத்தால் திருப்பூர்க்காரருக்கு மேலே சொன்ன ஆப்ஜெக்ட் கோப்புத் தலைவலி திரும்ப வரும்; ஜிபிஎல் 2ஐ எடுத்தால் அவருடைய சோர்ஸையே கொடுக்க வேண்டி வரும். ஹாஸ்கெல் மொழிக்காரர்கள் இதோடு பல வருடம் மல்லுக்கட்டினார்கள். அவர்களின் கம்பைலர் பிஎஸ்டி லைசென்ஸ்; ஆனால் முழு எண் கணக்குக்கு ஜிஎம்பி. மூடிய மென்பொருள் விற்கிறவர்கள் ஜிஎம்பி இல்லாமல், கொஞ்சம் மெதுவான மாற்று லைப்ரரியோடு கம்பைலரைத் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் டிசிஎல் மொழி செய்ததைச் செய்யுங்கள்: லிப்டாம்மேத் என்ற பெரிய எண் லைப்ரரியை இயல்பாக வையுங்கள். அது யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுக்களத்தில் விடப்பட்டது, எந்தக் கடமையும் இல்லை. வேகம் வேண்டும் என்கிறவர் ஜிஎம்பியைத் தானே தேர்ந்தெடுத்து, தனிக் கோப்பாக இணைத்துக்கொள்ளட்டும். ஜிஎஸ்டி கணக்குக்கு ஜிஎம்பியின் வேகம் தேவைப்படாது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் போடுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு வகை லைசென்ஸில் இருக்கிறது. 2018 மே மாதத்துக்குப் பிறகு எழுதிய பதிலாக இருந்தால் அதன் 4.0 பதிப்பு, அதை ஜிபிஎல் 3 நிரலுக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. அப்பாச்சிக்குள் கொண்டுவர வழியில்லை. நீங்கள் மாறப்போவதால் அந்த ஃபங்ஷன் வெளியே போக வேண்டும். வரிசைப்படுத்துவது எப்படி என்பது யாருக்கும் சொந்தமில்லை, அவர் எழுதிய வரிகள்தான் அவருக்குச் சொந்தம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நீங்களே எழுதுங்கள். சின்ன விஷயம்தானே என்று நினைத்தால் 2021 மார்ச்சில் ரூபி மொழி உலகில் நடந்ததைக் கேளுங்கள். மைம்மேஜிக் என்ற ஒரு குட்டி லைப்ரரி எம்ஐடி லைசென்ஸ் போட்டிருந்தது, ஆனால் உள்ளே கோப்பு வகைகளைப் பட்டியலிடும் ஜிபிஎல் தரவுக் கோப்பு ஒன்று. அது தெரிந்ததும் பராமரிப்பாளர் பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ரூபியில் இணையதளங்கள் கட்ட உதவும் ரெயில்ஸ் அதை நம்பியிருந்ததால் உலகமெங்கும் அன்றைக்கு ரெயில்ஸ் திட்டங்கள் கட்டப்படாமல் நின்றன.

ரம்மி விஷயத்தில் உங்கள் மனது புரிகிறது. அந்த ஆப்களால் நாசமான குடும்பங்களை நம் ஊரில் பார்க்காதவர் யார்? இருந்தாலும் அந்த வரியைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது ஓப்பன் சோர்ஸ் என்ற வரையறைக்குள் வராது. எந்தத் துறைக்கும் தடை போடக் கூடாது என்பது அந்த வரையறையின் ஆறாவது விதி. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தன் ஜேசன் (தரவைப் பரிமாறும் ஒரு வடிவம்) நிரலின் லைசென்ஸில் ‘நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது’ என்று பாதி விளையாட்டாக ஒரு வரி சேர்த்தார். லினக்ஸ் தொகுப்பான டெபியன் அதைக் கட்டற்ற மென்பொருளாக ஏற்கவில்லை. அப்பாச்சி அறக்கட்டளை 2016இல் தன் திட்டங்களில் அதைச் சேர்க்கவே தடை விதித்தது. தீமை செய்கிறவர் லைசென்ஸ் படிக்கப்போவதில்லை. படிக்கிற நல்லவர்கள்தான் விலகிப் போனார்கள். உங்கள் கருத்தை முகப்புக் கோப்பில் தாராளமாக எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டது. வேலை பார்க்கிறேன் என்றீர்கள். 1957 காப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணியின் அங்கமாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். ஞாயிற்றுக்கிழமை சொந்த லேப்டாப்பில் எழுதியது பணியின் அங்கம் ஆகாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உங்கள் அப்பாயின்மென்ட் ஆர்டரின் கடைசிப் பக்கங்களை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் எந்த நேரத்தில் எது செய்தாலும் நிறுவனத்துக்கே என்று எழுதுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வரி இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஹெச்ஆரிடமிருந்து, இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்த ஆர்டரை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அது என் கைக்கு அப்பாற்பட்ட வேலை. அந்தக் கடிதம் வந்த பிறகுதான் நான்கு மின்னஞ்சலும்.

திருப்பூர்க்காரரைக் காத்திருக்க வைக்க வேண்டாம். இன்றைக்கே அவருக்கு இப்படி எழுதுங்கள்: “உங்கள் ஆடிட்டர் சொன்னது இப்போதைய பதிப்புக்குப் பொருந்தும். லைப்ரரியின் லைசென்ஸை மாற்றும் வேலை நடக்கிறது. அடுத்த பதிப்பில் எழுதினால் உங்கள் சோர்ஸ் உங்களிடமே இருக்கும். அதுவரை எழுதிப் பழகுங்கள், வாடிக்கையாளருக்குப் பிரதி கொடுக்காதீர்கள்.”